மொஸ்காட்டோவுக்கு ஏற்ற பணியாரம்

அக்கா, போன சனிக்கிழமை மகள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு போத்தல் திறந்தார்கள். மருமகன் டெனிஷ்காரன், உங்களுக்குத் தெரியும். விருந்தென்றால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிற பிள்ளை. தக்கை கழன்றபோது பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. யாரோ பக்கத்தில் இருந்து மூச்சு விட்டதுபோல ஒரு சின்ன ஒலி. கிளாஸ் என் கைக்கு வர முன்னமே மணம் வந்துவிட்டது. ஆரஞ்சு மரத்துத் தோடம்பூவும் பழுத்த பீச் பழமும் சேர்ந்த மணம்.

போத்தலைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இத்தாலியின் வடக்கில், மலைச் சரிவில் விளைகிற திராட்சையில் செய்கிற இனிப்பு வெள்ளை வைன். மொஸ்காட்டோ. மருமகன் அதோடு சொக்லட் கேக் வைத்திருந்தான். நீங்கள் இருந்திருந்தால் பேசாமல் எழும்பி அந்தக் கேக்கைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போயிருப்பீர்கள். போகிற வழியில் என்னிடம் மட்டும், "வைனைக் கொல்லப் பாக்கிறான், பிள்ளை" என்று சொல்லியிருப்பீர்கள்.

"பிடிக்கேல்லையோ அம்மா?" என்று மகள் டெனிஷில் கேட்டாள். கேக்கைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு வாய் குடித்தேன். அதற்குப் பிறகு குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது.

நீங்கள் போய்ச் சில மாதங்கள்தான் ஆகின்றன. செத்த வீட்டில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி உங்கள் மகள் வதனி கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. பேசியிருந்தாலும் நல்லவர், உழைப்பாளி, பிள்ளையைத் தனியாக வளர்த்தவர் என்று எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரிந்தது வேறு. அதை உங்களுக்கே சொல்வதென்றால்தான் எனக்குச் சொல்லவரும்.

எண்பத்தைந்தின் கடைசியில், டென்மார்க்கின் ஹேர்னிங்கில் எங்கள் மாடிக் குடியிருப்புக்கு நீங்கள் வந்தீர்கள். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. இவரும் நானும் இரண்டாம் மாடி, உங்களுக்கு மூன்றாம் மாடி. நீங்கள் நாற்பதை எட்டிக்கொண்டிருந்தீர்கள். வதனிக்குப் பன்னிரண்டு. கிழக்கு பெர்லினுக்குப் பறந்து, அங்கிருந்து ரயிலும் கப்பலுமாக, எங்களைப் போலவே வந்து சேர்ந்திருந்தீர்கள். ஊரில் உங்கள் கணவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். ஒரு நாள் பின்னேரம் வேலை முடிந்து வந்த பஸ்ஸிலிருந்து ஆமிக்காரர் அவரை இறக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். தெற்கில் ஒரு முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். அங்கே அப்படி ஒருவர் இல்லை என்று இன்னொருவர் சொன்னார். நீங்கள் தாலியும் பொட்டுமாகவே இருந்தீர்கள். யாராவது அவரைப் பற்றிக் கேட்டால் "வருவார்" என்றும் சொல்லமாட்டீர்கள், "போயிட்டார்" என்றும் சொல்லமாட்டீர்கள். "அவரின்ரை கதை ஒண்டும் தெரியாது" என்பதோடு சரி. கேட்டவர்கள்தான் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

நான் பக்கத்து ஊரான இக்காஸ்ட்டில் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போனேன். உங்களை ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் குசினி வேலைக்கு விட்டார்கள். கடைக்காரர் கார்லோ. ஐம்பது வயதுக்குக் கிட்ட. ஒரு டெனிஷ்காரியைக் கலியாணம் செய்து இந்த யூலண்டுப் பக்கத்துக்கு வந்தவர். அந்த மனிசி நோயில் செத்துப்போக, பிள்ளைகளும் இல்லாமல், கடையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவருடைய டெனிஷ் அரைகுறை, உங்களுடையது கால்வாசி. எப்படித்தான் கதைத்தீர்களோ தெரியாது. ஆனால் அவர் சொன்னதையெல்லாம் நீங்கள் எனக்கு எங்கடை தமிழில் வந்து சொல்லுவீர்கள். அதனால் என் நினைவில் கார்லோ இன்றைக்கும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார்.

குளிர் குறையத் தொடங்கிய ஒரு நாள் அவர் ஊரிலிருந்து மரப்பெட்டிகளில் வைன் வந்தது. அவருடைய தம்பியின் தோட்டத்து மொஸ்காட்டோ. கார்லோ ஒரு போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களிடம் குறை சொன்னாராம். "இஞ்சை ஆக்களுக்கு இதை என்னத்தோடை குடிக்கிறதெண்டு தெரியேல்லை. மாட்டிறைச்சியோடை கேட்கினம். எனக்கு அழுகை வருது." பிறகு கிளாஸை நீட்டினார்.

"நான் குடிக்கிறேல்லை" என்றீர்கள்.

"குடிக்க வேண்டாம். மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு மணந்து பாருங்கோ."

நீங்கள் மணந்து பார்த்தீர்கள். தோடம்பூ என்று சொல்ல டெனிஷ் தெரியாமல், தோடம்பழத்தைக் காட்டி, கையை மொட்டு மாதிரிக் குவித்து விரித்துக் காட்டினீர்கள். பிறகு கிளாஸின் ஓரத்தில் எழும்பிய சின்ன நுரையைப் பார்த்துக்கொண்டே நின்றீர்களாம். உங்கள் கணவருக்கு இனிப்புக் கள்ளு விருப்பம். அதற்காக எத்தனையோ பின்னேரங்கள் அவரோடு சண்டை பிடித்திருக்கிறீர்கள். மரத்திலிருந்து இறக்கிய கையோடு அதுவும் இப்படித்தான் நுரைக்கும். அதை கார்லோவுக்கு விளங்கப்படுத்தப் பார்த்து, "மரத்தின் பால்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் றப்பர் மரத்தை நினைத்துக்கொண்டு பயந்துவிட்டார். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு எங்கள் குசினிக் கதிரையில் இருந்து நீங்கள் சிரித்த சிரிப்பு, நீங்கள் வந்ததற்குப் பிறகு நான் கேட்ட உங்கள் முதல் சிரிப்பு.

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமைகள் தொடங்கின. திங்கள் கடை பூட்டு. காலை ஷிஃப்ட் முடிந்து ரயிலில் வந்து இறங்கி, நான் நேரே கடைக்கு வந்துவிடுவேன். கார்லோ ஒரு போத்தலைக் குளிர வைத்திருப்பார். நீங்கள் ஒவ்வொன்றாகச் சமைத்து வைப்பீர்கள். மணந்து பார்ப்பது நீங்கள், குடித்துப் பார்ப்பது நான். "நல்ல உத்தியோகம் எடுத்திருக்கிறீர்" என்று இவர் பகிடி பண்ணுவார். எனக்கு வைன் பழக்கமில்லை. ஆனால் இதில் வெறி குறைவு, இனிப்பும் ஒரு சிறு நுரைப்பும்தான். நாக்கில் வைத்தவுடன் பழம், விழுங்கிய பிறகு பூ.

முதலில் சவ்வரிசிப் பாயாசம் வைத்தீர்கள். வைன் தேசிக்காய்த் தண்ணியாகப் போய்விட்டது. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து கார்லோ தலையாட்டினார். "சாப்பாடு வைனைவிட இனிச்சால் வைன் புளிச்சுப்போகும். எப்பவும் சாப்பாடு ஒரு படி கீழை நிக்கவேணும்." அதை நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள். தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் சரிவரவில்லை, கனத்துப்போனது. முறுக்கு நன்றாக இருந்தது, உப்பும் எள்ளும் மொறுமொறுப்பும். மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்த இறால்தான் எங்கள் மூன்று பேரையும் திகைக்க வைத்தது. உறைப்பு ஏறி நாக்கு எரிகிற நேரம் ஒரு வாய் மொஸ்காட்டோ. எரிவு இறங்கி, இறாலின் இனிமை மேலே வந்தது. கார்லோ இறால் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். தன் ஊரில் ஒருவரும் இதை நினைத்துப் பார்க்கவில்லை என்றார்.

அவர் தன் பங்குக்கு நீலம் பூத்த சீஸைக் கொண்டுவந்தார். "மழையிலை நனைஞ்ச சப்பாத்து மணக்குது" என்று யன்னலடிக்குப் போய்விட்டீர்கள். அந்த உப்புச் சீஸுக்கும் இந்த இனிப்பு வைனுக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று நான் எவ்வளவு சொல்லியும் நீங்கள் நம்பவில்லை. கடைசிவரைக்கும் நம்பவில்லை.

ஹேசல்நட் பணியாரம் அந்தத் திங்கட்கிழமைகளில் பிறந்ததுதான். அவர் ஊர்க்காரர் இந்த வைனோடு ஹேசல்நட் கேக்தான் சாப்பிடுவார்களாம். அதற்காக ஒரு சாக்கு ஹேசல்நட் பருப்பு வந்திருந்தது. நீங்கள் ஒரு பிடியை எடுத்துச் சட்டியில் வறுத்தீர்கள். மணம் எழும்பியவுடன் கை அப்படியே நின்றது. "பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு மண. வறுத்த பயறு" என்றீர்கள். ஹேர்னிங்கில் வறுத்துத் திரித்த பயற்றம் மாவுக்கு எங்கே போவது? அந்தப் பருப்பை இடித்து, தேங்காய்ப்பூ வறுத்துப் போட்டு, சீனியைப் பாதியாகக் குறைத்து, ஏலக்காயோடு உருட்டி, மாவில் தோய்த்துப் பொரித்தீர்கள். பயத்தம் பணியாரம், பயறு இல்லாமல். நான் ஒரு கடி, ஒரு வாய் என்று மாறி மாறி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லாமல் நான் சாப்பிட்டதைப் பார்த்தே இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. அடுத்த கிழமை கடையின் கரும்பலகையில், வதனியின் உருண்டை எழுத்தில், அது ஏறியது. சனங்கள் கேட்டு வாங்கினார்கள்.

சாப்பிட்டு எழும்பும்போது கார்லோ ஒவ்வொரு முறையும் "தக் ஃபோ மாத்" என்பார். சாப்பாட்டுக்கு நன்றி என்று டெனிஷ்காரர் சொல்கிற சாதாரண வார்த்தை. அதற்குப் பதிலாக "வெல்பெகொம்ம" என்று சொல்லவேண்டும். வதனி பள்ளிக்கூடத்தில் படித்து வந்து உங்களுக்குச் சொல்லித்தந்திருந்தாள். நீங்கள் அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லுவீர்கள்.

ஓகஸ்ட் மாதம் ஒரு திங்கள் எனக்கு மேலதிக வேலை. நான் வரவில்லை. அன்றைக்கு கார்லோ உங்களைக் குசினிக்குள் விடவில்லையாம். வாடிக்கையாளர் இருக்கிற பக்கம், வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் இருத்தி, தானே பரிமாறினார். பீச் பழத்தை வெட்டி, அதன் மேல் கொஞ்சம் மொஸ்காட்டோவை ஊற்றி, பாதாம் பிஸ்கட்டை நொறுக்கித் தூவியது. உங்களுக்கு வைன் இல்லாமல் தனியாக ஒரு கோப்பை. பிறகு எதிர்க் கதிரையில் இருந்து கேட்டார்.

அடுத்த நாள், குடியிருப்பின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற அறையில் வைத்து அதை எனக்குச் சொன்னீர்கள். மெஷின் சத்தத்துக்குள் யாருக்கும் கேட்காது என்று நினைத்தீர்கள் போலும். ஈரத் துவாயை மடித்துக்கொண்டே சொன்னீர்கள்.

"அந்த மனிசன் என்னைக் கலியாணம் கேட்டவர், பிள்ளை."

கையிலிருந்த உடுப்புக் கூடையைக் கீழே வைத்தேன். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எனக்கு மனிசன் இருக்கிறார் எண்டு சொன்னன். எங்கை எண்டு கேட்டார். தெரியாது எண்டன். உயிரோடை இருக்கிறாரோ எண்டு கேட்டார். அதுவும் தெரியாது எண்டன். அப்ப அவர் சொன்னார், தெரியிற வரைக்கும் நான் பாத்துக்கொண்டிருக்கிறன், ஆனா நீங்கள் தனிய இருந்து பாத்துக்கொண்டிருக்க வேண்டாம் எண்டு."

ஒரே துவாயைத் திரும்பத் திரும்ப மடித்தீர்கள்.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் நீங்கள் மெலிந்துபோனீர்கள். எங்கள் ஆட்களுக்குள் கதை வர நாளெடுக்கவில்லை. தாலியைக் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரன் கடையில் விருந்து சாப்பிடுகிறாள் என்று ஒரு வீட்டில் கதைத்தது உங்கள் காதுக்கே வந்தது. நீங்கள் கோபப்படவில்லை. "அவையள் பிழையாச் சொல்லேல்லை. தாலியும் கிடக்கு, விருந்தும் சாப்பிட்டனான்தானே" என்றீர்கள். எனக்குத்தான் கோபம் வந்தது.

செப்டெம்பரில் கார்லோ திராட்சை பறிக்கத் தம்பியிடம் போனார். அவர் போன பிறகு ஒரு நாள் காலை என் கதவைத் தட்டினீர்கள். தலை முழுகி, ஈரத் தலையோடு நின்றீர்கள்.

"அவர் திரும்பி வர ஓம் எண்டு சொல்லப் போறன்."

நான் உங்களைக் கூட்டி வந்து இருத்தினேன். நீங்கள் யன்னலைப் பார்த்துக்கொண்டு கதைத்தீர்கள். "இரண்டு வருசமா மனசுக்குள்ளை அவரோடைதான் கதைச்சுக்கொண்டிருக்கிறன். இந்தக் கிழமை முழுக்கச் சண்டை. நீர் எங்கை இருக்கிறீர் எண்டு எனக்குச் சொல்லேல்லை, ஒரு ஆள் மூலமாகவும் சொல்லி அனுப்பேல்லை, நான் என்ன செய்யிறது எண்டு கேட்டன். நீர் வந்தால் வந்து என்னைத் திட்டும், நான் வாங்கிக்கொள்ளுறன் எண்டு சொல்லிப்போட்டன். இரவு நல்லா நித்திரை வந்தது, பிள்ளை."

அன்றைக்கு உங்கள் முகத்தில் இருந்தது சந்தோசம் என்று சொல்லமாட்டேன். பாரத்தை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றியவரின் முகம். வதனிக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். அவளுக்குச் சொன்னதாகவும், அவள் கார்லோவுக்குத் தமிழ் படிப்பிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னதாகவும் சொன்னீர்கள்.

கார்லோ வரமுதல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், புதிதாக வந்த ஒரு பெடியன் உங்களைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தான். மாடி மாறித் தட்டிவிட்டான். தயாபரன் என்று பெயர் சொன்னான். இருபத்தைந்து வயதிருக்கும், முன் பல் இரண்டு இல்லை. தெற்கில் தடுப்பு முகாமில் இருந்து விடுபட்டு, கொழும்பு வந்து, அங்கிருந்து இங்கே வந்திருந்தான். உங்கள் கணவரின் பெயரைச் சொல்லி, "அவரின்ரை மனிசி இந்த ஊரிலை இருக்கிறா எண்டு கேள்விப்பட்டன்" என்றான். நான் மேலே போய் உங்களைக் கூட்டி வந்தேன்.

அவன் உங்களைக் கண்டவுடன் எழும்பி நின்றான். இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்ததாகச் சொன்னான். பசி கூடின நாட்களில் அறையிலிருந்த எல்லோரும் சுற்றி இருந்து, ஆளுக்கு ஒரு சாப்பாட்டைச் சொல்ல வேண்டுமாம். எப்படிச் சமைப்பது, எப்படி மணக்கும், முதல் வாய் எப்படி இருக்கும் என்று. உங்கள் கணவர் எப்போதும் பயத்தம் பணியாரம்தான் சொல்லுவாராம்.

"நீங்கள் சுடுறதை நான் வாயிலை வைச்சதில்லை அக்கா. ஆனா எனக்கு ருசி தெரியும்" என்றான் அந்தப் பெடியன்.

"அவர் எங்கை, தம்பி?" என்று கேட்டீர்கள்.

அவன் உங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். அடி வாங்கிய நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் விடாமல், கொண்டு போன அதே வருடத்து மாரியிலேயே அவர் போய்விட்டார். அவனுடைய மடியில்தான் தலை இருந்தது. நீங்கள் பெர்லினுக்கு விமானம் ஏற முன்னமே, ஹேர்னிங்கில் பனி பார்க்க முன்னமே, தோடம்பூ மணக்க முன்னமே. அந்த இரண்டு வருடமும் நீங்கள் சண்டை பிடித்தது இல்லாத மனிதரோடு.

நீங்கள் சத்தம் வைத்து அழவில்லை. அவனைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றீர்கள். நான் சோறு போட்டேன். அவன் சாப்பிட்டு முடியும்வரைக்கும் பக்கத்தில் இருந்து கறி விட்டீர்கள். அவன் போன பிறகுதான் என் மடியில் சரிந்தீர்கள்.

கேள்விப்பட்ட நாளிலிருந்து துடக்குக் காத்தோம். ஐயர் கிடையாது, கோயில் கிடையாது. தேவாரம் தெரிந்த ஒரு பெரியவர் இக்காஸ்ட்டிலிருந்து வந்து பாடினார். எட்டுச் செலவுக்குச் செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு விடிய நீங்கள் குசினிக்குள் போனீர்கள். ஒருவரையும் உதவிக்கு விடவில்லை.

கார்லோ முதல் நாள்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்தார். கடை வேலைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டு, கறுத்தக் கோட்டுப் போட்டு, வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். அவரைக் கண்டதும் அறைக்குள் கதை நின்றது. என் கணவர் எழும்பிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் பக்கத்தில் இருத்தினார். அதற்காக இவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். கார்லோ நிலத்தில் காலை மடிக்கத் தெரியாமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். கையில் ஒரு போத்தல். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று அவருக்குத் தெரிந்தது அதுதான்.

நீங்கள் அவருடைய படத்துக்கு முன்னால் வாழையிலைக்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தட்டம் வைத்தீர்கள். சோறு, கறிகள். பிறகு மிளகாய்த்தூள் போட்ட இறால் பொரியல். முறுக்கு. ஹேசல்நட் பணியாரம். கடைசியாக கார்லோவிடம் போய்க் கையை நீட்டினீர்கள். அவர் விளங்காமல் உங்களைப் பார்த்தார். போத்தலை வாங்கி, நீங்களே திறந்து, ஒரு கிளாஸில் ஊற்றி, தட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். நுரை எழும்பி அடங்கியது.

தேவாரம் பாடிய பெரியவர் மெதுவாகக் கேட்டார். "இதென்ன பிள்ளை?"

"அவருக்கு இனிப்புக் கள்ளு விருப்பம், அப்பு. இஞ்சை கள்ளு இல்லை. இதுதான் கிட்ட வரும். இதுக்கு இந்தச் சாப்பாடுதான் சரிவரும்."

பெரியவர் கற்பூரத்தைக் கொளுத்தினார். கார்லோ தமிழ் விளங்காதவர். ஆனால் தட்டத்தைப் பார்த்தார். இறால், முறுக்கு, பணியாரம். நாங்கள் மூன்று பேரும் எத்தனையோ திங்கட்கிழமைகள் இருந்து பொறுக்கி எடுத்தவை. அவர் எழும்பி பல்கனிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். வதனி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

பனிக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் நான்தான் கேட்டேன். இனிமேல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று. தடை ஒன்றும் இல்லையே என்று என் இருபத்தைந்து வயதுப் புத்திக்குத் தோன்றியது.

நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தீர்கள். "உயிரோடை இருக்கிறார் எண்டு நினைச்சுத்தான் அவரை விட்டிட்டுப் போகலாம் எண்டு துணிஞ்சனான். உயிரோடை இருக்கிற ஆள் கோபிக்கும், திட்டும், தன்ரை பாட்டைப் பாக்கும். செத்த மனிசன் என்ன செய்யும்? அந்த அறைக்குள்ளை இருந்து என்ரை பணியாரத்தைச் சொல்லிக்கொண்டு செத்தவரை நான் எப்பிடி விட்டிட்டுப் போறது? எனக்கு ஏலாது, பிள்ளை."

கார்லோவிடமும் அதைத்தான் சொன்னீர்கள். கால்வாசி டெனிஷில் எப்படிச் சொன்னீர்களோ தெரியாது. அவருக்கு விளங்கியது. அவரும் ஒரு மனிசியைப் புதைத்தவர். அவர் திரும்பக் கேட்கவில்லை. நீங்களும் வேலையை விடவில்லை. திங்கட்கிழமைகள் மட்டும் நின்றுபோயின.

இரண்டாம் வருடம் அவர் கடையை விற்றுவிட்டுத் தம்பியிடமே போனார். ரயில் நிலையத்துக்கு வதனியும் இவருமாக நாங்கள் நான்கு பேரும் போனோம். மழைத்தூறல், மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்று. ஒரு பிஸ்கட் ரின் நிறையப் பணியாரம் கொடுத்தீர்கள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். இத்தாலியனாச்சே, கட்டிப்பிடிப்பார், கன்னத்தில் முத்தம் வைப்பார் என்று நான் நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்சம் தலை குனிந்தார். "தக் ஃபோ மாத்" என்றார்.

"வெல்பெகொம்ம" என்றீர்கள், உங்கள் வழக்கப்படி கொஞ்சம் நீட்டி.

அவ்வளவுதான். ரயில் போன பிறகு நாங்கள் நடந்து வீட்டுக்கு வந்தோம். வழியில் கடையில் வெங்காயம் வாங்க வேண்டும் என்று சொன்னீர்கள். வாங்கினோம்.

அதற்குப் பிறகு நீங்கள் வயோதிபர் இல்லத்துக் குசினியில் ஓய்வு பெறும்வரைக்கும் வேலை செய்தீர்கள். வதனி தாதியானாள், கலியாணம் கட்டினாள், ஓர்ஹூஸ் நகரத்துக்குப் போனாள். ஹேர்னிங்கில் தமிழ்க்கடை வந்தது, பயற்றம் மா வந்தது. நீங்கள் பிறகும் ஹேசல்நட்டில்தான் பணியாரம் சுட்டீர்கள். புதிதாக வந்த பெண்கள் அது ஏதோ உங்கள் ஊர்ப் பக்கத்து முறை என்று நினைத்தார்கள். நீங்கள் திருத்தவில்லை. கார்லோவின் பெயரை உங்கள் வாயிலிருந்து நான் பிறகு கேட்டதில்லை. கணவரின் பெயரையும் நீங்கள் சொல்வதில்லை, அது எங்கள் ஆட்களின் பழக்கம். இரண்டு பேரும் உங்களுக்கு "அவர்"தான்.

கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில் காலை நேரம் நான் வந்து இருந்தேன். வதனி இரவு முழுக்க விழித்திருந்ததால் கோப்பி குடிக்கப் போயிருந்தாள். நீங்கள் கண் திறந்து, என்னை நன்றாக மட்டுக்கட்டி, "பிள்ளை" என்றீர்கள். பிறகு கதவைப் பார்த்தீர்கள்.

"அவர் வந்திட்டாரோ?"

"ஓம் அக்கா. கீழை நிக்கிறார்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு கணம்கூட எடுக்கவில்லை.

"சாப்பிட்டவரோ?"

"இல்லை. உங்களோடை சாப்பிடத்தான் நிக்கிறார்."

சரி என்பதுபோலக் கண்ணை மூடினீர்கள். முகத்தில் நோவு இருக்கவில்லை. எந்த அவர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள், உங்களுக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கேட்கக்கூடாத கேள்வி என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் வைத்திருப்பதுதான் உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருக்கிறது. சமைக்கிற நேரம், ரயிலில் போகிற நேரம், அது என்னோடு வருகிறது. சில நாள் முன்பல் இல்லாத அந்தப் பெடியன் சொன்ன மனிதர் அங்கே கீழே நிற்கிறார். சில நாள் கறுத்தக் கோட்டு.

வதனி கோப்பியோடு திரும்பி வந்தாள். உங்கள் உதடு அசைந்ததைக் கதவடியிலிருந்து கண்டிருக்கிறாள்.

"அம்மா ஆரைக் கேட்டவ, அன்ரி?" என்றாள்.

"சாப்பிட்டவரோ எண்டுதான் கேட்டவ" என்றேன்.